ஓணானுக்கு அடுப்பு

எங்கள் பக்கத்தில் குளிர் என்றால் மார்கழி விடியற்காலையில் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்கிற அளவுக்குத்தான். அதற்கு மேல் கிடையாது. நீங்கள் நீலகிரிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று ஏட்டு சொன்னார். அதனால் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. சிவகாசியில் பிறந்தவன் எவனும் சூட்டுக்காகச் செலவழிக்க மாட்டான். வருஷம் முழுவதும் வானத்திலிருந்து சும்மா கொட்டுகிற சாமான் அது. என் தங்கை புருஷன் தனுஷ்கோடி, ஒரு ஓணானுக்குக் குளிரும் என்று மின்சார அடுப்பு வைத்தபோது ஊர் சிரித்ததில் ஆச்சரியம் இல்லை. நானும் சிரித்தேன்.

எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை. பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்தானே?

என் பெயர் சங்கரபாண்டியன். எம். புதுப்பட்டிக்குப் போகிற சாலையில் இருக்கிற பட்டாசுக் கம்பெனியை நடத்துகிறவன் நான். ஊருக்குள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கிற அச்சகம் ஒன்றும் எங்களுக்கு உண்டு. இரண்டையும் உண்டாக்கியவர் என் அப்பா சீனிவாசகம். நாங்கள் அவரை ஐயா என்று கூப்பிடுவோம். என் தங்கை பொன்னுத்தங்கத்தைக் கட்டிக்கொடுத்தபோது ஐயா அச்சகத்தை மாப்பிள்ளை பொறுப்பில் விட்டார். மாப்பிள்ளை படித்தவர். ஐயாவுக்குப் படித்தவர்கள் மேல் ஒரு மயக்கம். தான் படிக்காதவர் அல்லவா?

புது மெஷின் ஓட்டப் பழகுவதற்காக மாப்பிள்ளை ஜெர்மனிக்குப் போனார். ஒரு வருஷம் இருந்தார். மற்றவர்கள் வெளிதேசம் போனால் கைக்கடிகாரம் கொண்டுவருவார்கள், துணி கொண்டுவருவார்கள். இவர் குடியிருந்த வீட்டுக்காரக் கிழவன் கண்ணாடிப் பெட்டிகளில் பல்லியும் பாம்பும் வளர்ப்பவனாம். இவரும் அந்தப் பைத்தியத்தைக் கொண்டுவந்தார். கூடவே தெர்மோஸ்டாட் என்று கைக்கு அடக்கமாக ஒரு பெட்டி. வந்த கொஞ்ச நாளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு பச்சை ஓணானை வாங்கி, காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்ததாம். பார்த்தால் நம் வேலியில் ஓடுகிறதற்கு அண்ணன் மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே தொங்குசதை வேறு.

அச்சகத்தின் மாடியில்தான் அவர்கள் குடித்தனம். மரப்படி ஏறினதும் முதல் அறையில் மரச்சட்டமும் கண்ணாடியுமாக ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு செய்வித்தார். உள்ளே ஒரு கிளை, கீழே மரச்சீவல், மேலே சூடு தருகிற கம்பிச்சுருள். வேலை முடிந்ததும் ஐயா, நான், கணக்குப்பிள்ளை, மெஷின்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார்.

"இதுக்கு ஒடம்புல சொந்தச் சூடு கிடையாது மச்சான். வெளிய என்ன சூடோ அதுதான் அதுக்கும். சூடு கொறைஞ்சா தின்னது செரிக்காது. கூடுனா வெந்து போகும்."

"வேகட்டும் மாப்பிள்ளே. நல்லெண்ணெய் ஊத்திப் பெரட்டி எடுத்துருவோம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கேலி செய்தால் மனிதனுக்குக் கோபம் வர வேண்டும். இவர் கூடவே சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார்.

பெட்டியிலிருந்து கம்பி போல மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கூண்டுக்குள் போயிற்று. அதன் நுனியில் விரல் அளவு ஒரு குமிழ். ஓணான் படுக்கிற கிளை உயரத்தில் அந்தக் குமிழை வைத்துக் கட்டியிருந்தார்.

"இதுதான் பெட்டியோட மூக்கு. மூக்கு இருக்கிற எடத்துல சூடு ஏறுனா பெட்டி கரண்டை நிறுத்திரும். ஆறுனா திருப்பி விடும். ஆனா பாருங்க, இந்த மூக்கு கழண்டு வெளிய விழுந்துச்சுன்னு வைங்க. உள்ள தீயே பிடிச்சாலும் பெட்டிக்குத் தெரியாது. இன்னும் குளிருதுன்னு நெனச்சுக் கரண்டை விட்டுக்கிட்டே இருக்கும். அதனாலதான் கம்பி வச்சு இறுக்கிக் கட்டிருக்கேன். சுருளை ஓணான் தொட்டுறாம சுத்தி வலை. எரியிற சாமான் எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. அது போக, தனியா ஒரு தெர்மாமீட்டர். படுக்கப் போகுமுந்தி அதை நம்ம கண்ணால பாத்துறணும். பெட்டியை மட்டும் நம்பக் கூடாது."

கணக்குப்பிள்ளை கொட்டாவி விட்டார். மெஷின்காரர்கள் ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். எனக்கு எதுவும் ஒருமுறை கேட்டால் போதும்.

இப்போது கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதுவும் வேண்டுமே.

இந்த வருஷம் புரட்டாசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. வடக்கே போக வேண்டிய தீபாவளி லோடு நிற்கிறது. ஆர்டர் கொடுத்தவனுக்கு மழையைப் பற்றி என்ன கவலை? களத்தில் காயப்போட முடியவில்லை. நான் ஒரு கொட்டகையை அடைத்து, உள்ளே கரி போட்ட இரும்புக் கும்மட்டிகளை வைக்கச் சொன்னேன். கனல்தான், தீ இல்லை. பெண்கள் உள்ளே சரக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து லேபிள் கட்டுகளைக் கொடுக்க மாப்பிள்ளை வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார்.

"கும்மட்டியையா வச்சிருக்கீக மச்சான்? ஆளுகளை வெளிய வரச் சொல்லுங்க மொதல்ல."

"லோடு நிக்குது மாப்பிள்ளே."

"வெளிய ஒரு அண்டாவுல தண்ணி கொதிக்க வச்சு, குழாய் வழியா உள்ள விடலாம். சூட்டை அளந்து நிறுத்துறதுக்குப் பெட்டி நான் தாரேன். ஒரு ஓணானுக்குச் செய்யிறதை இந்தப் பொம்பளைகளுக்குச் செய்யக் கூடாதா?"

"பட்டாசு ஓணான் இல்லை. நீங்க போய் உங்க அச்சைப் பாருங்க."

மறுநாள் மத்தியானம் அந்தக் கொட்டகை போயிற்று. உள்ளே இருந்த நாலு பெண்களும் போனார்கள். பஞ்சம்மாள், அய்யம்மாள், குருவம்மாள். நாலாவது ஆளின் பெயர் எனக்கு வரவில்லை, ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தவள். அதிகாரிகள் வந்து கேட்டபோது, பெண்கள் கஞ்சி சூடு பண்ணுவதற்காகத் திருட்டுத்தனமாக நெருப்புக் கொண்டுவந்ததாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். செத்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு மறுநாளும் வேலை வேண்டும். கும்மட்டிகளை அன்றைக்கே கிணற்றில் போடச் செய்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் முடிந்திருந்தது.

மாப்பிள்ளைதான் முடியவிடவில்லை. செத்த குருவம்மாளின் தாய் செல்லத்தாயை அச்சகத்தில் கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டார். ஓணானுக்கு முருங்கைக்கீரையும் செம்பருத்திப்பூவும் போடுகிற வேலையும் அவளுக்குத்தான். ஆமாம், நீங்கள் இப்போது உள்ளே உட்காரவைத்திருக்கிற அதே செல்லத்தாய். தினமும் அவர் கண்முன்னால் நின்று அவள் கீரை போட்டால் மனிதன் என்ன ஆவான்? மார்கழி பிறந்ததும் மதுரையில் மேல்விசாரணை என்று வந்தது. அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐயாவும் இருந்தார்.

"மச்சான், நான் பாத்ததை அங்க சொல்லப் போறேன்" என்றார். "உங்களுக்குத் தெரியாமச் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"கம்பெனியை மூடிருவாக. தெரியுமா?"

"தெரியும். அவளுகளே நெருப்பு வச்சுக்கிட்டாகன்னு எழுதி வச்சிருக்கீகளே மச்சான். அந்தத் தாய்க்காரி மூஞ்சிய எப்பிடிப் பாக்கிறது?"

நான் ஐயாவைப் பார்த்தேன். ஒரு தகப்பன் அந்த இடத்தில் மகன் பக்கம் நிற்பார் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். ஐயா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "அவரு சொல்றதுல என்னலே தப்பு? நீயே போய் ஒத்துக்க. மூடுனா மூடட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கோபத்தில் எதையாவது செய்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு இளக்காரம். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஓணானுக்கு அடுப்பு வைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதன், மதுரையில் அதிகாரிகள் முன்னால் நின்று, சூட்டை எப்படி அடக்குவது என்று எனக்குப் புத்தி சொல்லப் போகிறான். அவர்கள் தலையாட்டிக் கேட்கப் போகிறார்கள். அவனுடைய பெட்டியின் லட்சணம் முதலில் ஊருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

விசாரணைக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு அச்சகத்துக்குப் போனேன். பொன்னுத்தங்கம் அடுப்படியிலிருந்து வந்து, "அண்ணாச்சி, ரெண்டு இட்லி சாப்பிடுங்களேன்" என்றாள். சாப்பிட்டாயிற்று, ஓணானைப் பார்க்க வந்தேன் என்றேன். மாப்பிள்ளைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். கையைப் பிடித்து அழைத்துப்போய், எனக்கு எதிரிலேயே தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

"சரியா இருக்கு மச்சான். ராத்திரிக்குப் பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு. இனி காலையிலதான்."

விடியற்காலை பஸ். பை எடுத்து வைக்க வேண்டும் என்று உள் அறைக்குப் போனார். தங்கை எனக்குக் காப்பி போடப் போனாள். நானும் ஓணானும் இருந்தோம். அது ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் என்னைப் பார்த்தது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. கம்பியை அவிழ்த்து, அந்தக் குமிழை வெளியே எடுத்து, பக்கத்தில் இருந்த மண்கூஜாவின் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி டிக்கென்றது. சுருள் சிவந்தது. மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தது அப்படியே பலித்தது. நல்ல வாத்தியார், அதில் சந்தேகமில்லை. காலையில் ஓணான் வெந்து கிடக்கும். தன் கூண்டின் சூட்டையே அடக்கத் தெரியாதவர் என்று மதுரைக்கு முன்னால் செய்தி போய்விடும். இதுதான் என் நோக்கம்.

சுருளைச் சுற்றியிருந்த வலையையும் கழற்றினேன். வலை இருந்தால் சூடு மெதுவாக இறங்கும். ஒரு வாயில்லாப் பிராணி ராத்திரி முழுவதும் அவஸ்தைப்பட வேண்டாம் என்று தோன்றியது.

மரச்சீவலைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கிளையோடு சேர்த்துக் குவித்தேன். அதுவும் அதே காரணத்துக்காகத்தான்.

வார்னிஷ் டின் என் காலில் இடறியது. லேபிளுக்குப் பூசுகிற வார்னிஷ், அடுத்த அறையில் காகிதக் கட்டுகளோடு இருக்க வேண்டியது, வாசலோரம் கிடந்தது. எடுத்துக் கூண்டின் ஓரமாக வைத்தேன். மூடி தளர்வாக இருந்தது. நான் தளர்த்தினேனா, முன்பே அப்படி இருந்ததா என்று இப்போது நினைவில்லை.

காப்பி குடித்தேன். நல்ல காப்பி. என் தங்கைக்கு அந்தக் கைப்பக்குவம் உண்டு. மாப்பிள்ளை உள்ளேயிருந்து, "காலையில பாப்போம் மச்சான்" என்று குரல் கொடுத்தார். படியிறங்கி, கீழ்க்கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். இப்போதெல்லாம் திருட்டு பயம் அதிகம். போலீஸ்காரர் உங்களுக்குத் தெரியாததா?

பென்சிலை ஏன் நிறுத்திவிட்டார்? நான் தெளிவாகத்தானே சொல்கிறேன்.

மீதி உங்கள் காகிதத்தில் இருக்கிறது. ஊர் அடங்கினபின் மாடி பிடித்துக்கொண்டது. காகிதமும் வார்னிஷும் மரப்படியும் இருக்கிற இடத்தில் யாருடைய உதவியும் தேவையில்லை. தெருக்காரர்கள் வந்து தாழ்ப்பாளை எடுத்தபோது ஏறிப்போக உள்ளே படியே இல்லை. இரண்டு பேரையும் ஜன்னலடியில் எடுத்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்ததாகப் பெண்கள் சொல்லி அழுதார்கள். அழுகிறவர்களுக்கு இப்படி ஏதாவது வேண்டும். ஓணான் மட்டும் பிழைத்துக்கொண்டது. கண்ணாடி வெடித்ததும் வெளியே பாய்ந்திருக்கும். கொல்லை வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்ததைத் தீயணைப்புக்காரர்கள் சாக்கில் பிடித்தார்கள். இந்த ஸ்டேஷனில்தான் ஒரு மரப்பெட்டியில் கிடக்கிறதாம். பனி விழுகிறதே, யார் அடுப்பு வைக்கிறீர்கள்?

நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. உங்கள் புத்திசாலித்தனம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. மகள் எங்கள் கம்பெனியில் செத்தாள், ஆகவே தாய்க்காரி பழிவாங்கினாள் என்று செல்லத்தாயைப் பிடித்தீர்கள். கூண்டுக்குக் கிட்டப் போகிறவள் அவள்தான் என்றீர்கள். பேப்பரிலும் அப்படியே போட்டான். படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கா தெரியும்? அவள் அந்தப் பெட்டிக்குத் தினமும் விபூதி பூசிக் கும்பிட்டுக்கொண்டிருந்தவள். குமிழ் எங்கே இருந்தால் சுருள் எப்போது நிற்கும் என்று இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் செத்துப்போனார். நான் செய்த ஒரு காரியத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் செய்தாள் என்று ஊர் நம்புவதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் மேல் இரக்கப்பட்டு வந்ததாக எங்கேயும் எழுதிவிடாதீர்கள். ஐயா அப்படி நினைத்துக்கொண்டு இங்கே வந்தாலும் வருவார்.

வேறென்ன? டிரைவர் உக்கிரபாண்டி சொன்னதைப் பற்றியா? அவன் சொன்னது சரிதான். அன்று சாயங்காலமே, நான் அங்கே போவதற்கு முன்னால், பொன்னுத்தங்கத்தைக் கூட்டிவரச் சொல்லிக் கார் அனுப்பினேன். ஐயாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லச் சொன்னேன். ஐயாவுக்கு ஒன்றும் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். அவள், "அவுக விடியக்காலம் மதுரைக்குப் போறாக. வழியனுப்பிட்டுக் காலையில வாரேன்" என்று காரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஓணான் மட்டும்தான் சாகும் என்று நினைத்தவன் தங்கைக்கு எதற்குக் கார் அனுப்பினாய் என்று கேட்கிறீர்கள். கேட்பது சுலபம். ஒரு அண்ணனுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, முன்பு சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் போனதுமே அவள் ஐயாவைப் பற்றிக் கேட்டாள், லேசான வாயுதான் என்று சமாளித்திருந்தேன். காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டபோது அவள் மறுபடியும் என்னிடம், "ஐயாவுக்கு எப்பிடி இருக்கு அண்ணாச்சி? மனசு கேக்கமாட்டேங்குது. உங்க கூடவே இப்பம் வந்துறட்டா?" என்று கேட்டாள். சுருள் அப்போது சிவந்திருந்தது. அவளை அழைத்துப்போயிருக்கலாம். ஆனால் வீட்டில் ஐயா திடமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். உடனே மாப்பிள்ளைக்குப் போன் போடுவாள். எனக்கு எவ்வளவு அசிங்கம்? "இப்பத் தேவலை, தூங்குறாக. நீ காலையில வா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஊரில் எத்தனை அண்ணன்மார் தங்கைக்கு இந்த அளவு செய்வார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். வீட்டு வாசலுக்கே கார் அனுப்பினேன். அனுப்பியபோதே அவள் ஏறியிருக்க வேண்டும்.